சுருட்டின் முதல் பாதி

மூன்றாவது கட்டின் கடைசிச் சுருட்டு அது. முதல் கட்டில் பத்தும் சரியாக எரிந்தன, இரண்டாவதிலும் அப்படியே, மூன்றாவதில் ஒன்பது போயாயிற்று, இந்த ஒன்றும் நுனியிலிருந்து அடிவரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால் தேடியது கிடைத்துவிட்டது என்று திலகவதி தனக்குத்தானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்து. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கீழே மகன் தூங்குகிறான். காலையில் சென்னையிலிருந்து வந்தவன், மத்தியானம் மீன்குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டான். அவன் சொன்னதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் இது. தீக்குச்சியை உரசி, சுடர் சுருட்டின் மேல் நேராகப் படாமல் ஒரு நூல் தள்ளிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டினாள். விளிம்பு முழுவதும் கறுத்து, சிவந்து, வட்டமாகப் பற்றிக்கொண்டது. முதல் இழுப்பு. வறுத்த காப்பிக்கொட்டைக்கும் காய்ந்த வேப்பிலைக்கும் நடுவில் ஒரு கசப்பு, அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓர் இனிப்பு. நேற்று இருந்தது போலவே, முந்தாநாள் இருந்தது போலவே. ஆனால் முதல் இழுப்பை நம்பக் கூடாது. இருபத்தெட்டு வருடம் அரசு நெல் கிடங்கில் தரம் பார்த்தவள் அவள். லாரியில் வந்து இறங்கும் மூட்டைகளில் குத்தூசியைச் செருகி மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி ஈரமும் பதரும் பார்த்தவள். மேல இருக்கிறதைப் பாருங்க மேடம், முத்து முத்தா இருக்கு என்பார்கள். மேலே யார்தான் நல்லதை வைக்கவில்லை. அடியில் கை போனால்தானே தெரியும். ஒரு மூட்டை நன்றாக இருப்பது அதிர்ஷ்டம், முப்பது மூட்டையும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார், பிறகு கையெழுத்துப் போடு. சாம்பல் வெளுத்த சாம்பலாக, உதிராமல், அரை விரல் நீளத்துக்கு நின்றது. நில், நில்லு என்று அதனிடம் வாய்க்குள் சொன்னாள்.

அவருடைய சுருட்டில் சாம்பல் நின்று அவள் பார்த்ததில்லை. அவருடைய சுருட்டில் முதல் பாதியையே அவள் பார்த்ததில்லை. அவள் கணவர் ஞானசம்பந்தம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தார். டியூட்டி முடிந்து ஐந்து மணிக்கு வந்து, முகம் கழுவி, மாடிக்கு வந்து ஒரு சுருட்டைப் பற்ற வைப்பார். மகன் பரிதி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. இரண்டு நாள் தூங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தவளைக் கூப்பிட்டு, இந்தா, புகையை வலிக்கிற பக்கமா நிறுத்தி வை, முழுங்காதே என்று கையிலிருந்ததைக் கொடுத்தார். வலி போயிற்று. பல்லையும் பிறகு பிடுங்கியாயிற்று. ஐந்து மணி மட்டும் அவளோடு தங்கிவிட்டது. பாதி குடித்துவிட்டு அவர் நீட்டுவார், இந்தா குவாலிட்டி, என்பார், கிடங்கில் எல்லோரும் அவளைக் குவாலிட்டி மேடம் என்று கூப்பிடுவதால். அவள் வாங்கிக்கொள்வாள். ஈரமாக, கசந்துபோய், பெரும்பாலும் அணைந்துபோய் இருக்கும். இன்னொரு குச்சி, மறுபடி ஒன்று. சுருட்டென்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருபத்தைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். பதினாலு மாதத்துக்கு முன்னால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிப்போ வாசலிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போய், வீடு கழுவி விட்ட பிறகு, அவருடைய பிஸ்கட் டின்னில் மிச்சம் இருந்த ஏழில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்கு வந்தாள். அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் இழுப்பு வாய்க்குள் வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அது வேறு பண்டம். சூடில்லாமல், காரமில்லாமல், குளிர்ந்த காற்றைப் போல நாக்கின் மேல் வந்து படுத்தது. இதுவா, இதையா தினம் குடித்துவிட்டு மிச்சத்தை நீட்டினீர்கள்? அன்று அழுதாள். அழுதது அவருக்காகவா இந்தப் பாதிக்காகவா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. கெட்ட மனிதர் இல்லை. கறியில் நல்ல துண்டை அவள் இலையில் போடுகிறவர். அவர் கொடுக்கவில்லை என்பது கூட இல்லை, அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏன் கேட்கவில்லை? ஈர நெல்லைக் கொண்டுவந்த எம்.எல்.ஏ. மச்சானையே திருப்பி அனுப்பியவள், முதல் பாதியை ஒருநாள் எனக்குக் கொடுங்கள் என்று ஏன் கேட்கவில்லை? இந்த இடத்துக்கு வந்தால் அவள் மனசு மாட்டிக்கொள்ளும், சேலை முந்தானை ஆணியில் மாட்டுவது போல. இழுத்தால் கிழியும், விட்டால் நகராது.

ஏழும் தீர்ந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது, அவர் எங்கே வாங்கினார் என்று அவளுக்குத் தெரியாது. செய்தித்தாளில் சுற்றி வரும், கட்டின் மேல் சிவப்பு நூல் இருக்கும், அவ்வளவுதான் தெரியும். டிப்போவில் யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே தேடினாள். உறையூரில் ஒரு கடை, ஜங்ஷன் பக்கம் ஒரு கடை, காந்தி மார்க்கெட்டுக்குள் ஒரு சந்து. எல்லா இடத்திலும் ஒரே பொய்: வீட்டுல பெரியவர் ஒருத்தர் இருக்கார், அவருக்கு. இல்லாத பெரியவருக்கு அவள் ஒரு வயதும் வைத்திருந்தாள், எண்பத்திரண்டு. காது மந்தம் என்றும் ஒரு கடையில் சொல்லிவிட்டாள். உறையூர்ச் சுருட்டு செங்கல்லை உறிஞ்சுவது போல் இருந்தது, இழுத்து இழுத்துக் கன்னம் ஒட்டிப்போயிற்று. ஜங்ஷன் சுருட்டு அதற்கு நேர் எதிர், தொளதொளவென்று சுற்றியது, வைக்கோல்போர் மாதிரி குப்பென்று எரிந்து பத்து நிமிடத்தில் உதட்டைச் சுட்டது. சந்துக் கடைக்காரன் வெல்லத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்திருப்பான் போல, இரண்டாம் நாள் டின்னைத் திறந்தால் உள்ளே எறும்புச் சாரை. எறும்பைத் தட்டிவிட்டுக் குடித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நாத்தனார் மகன் துபாயிலிருந்து மாமாவின் முதல் திதிக்கு வந்தபோது, மாமா இருந்திருந்தால் ரசிச்சிருப்பார் அத்தை என்று கண்ணாடிக் குழாயில் ஒன்று கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் படத்தைப் பார்த்து, உங்களுக்கு வேண்டாமில்லையா என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள். ஒன்றேகால் மணி நேரம் ராஜாங்கம். ஆனால் அது கல்யாணச் சாப்பாடு. தினம் கல்யாணச் சாப்பாடு கட்டுப்படியாகாது என்பது ஒரு பக்கம். தினம் அதைச் சாப்பிட்டால் நாக்குக்கு அது கல்யாணமாகவே இருக்காதே. அவளுக்கு வேண்டியது ரசம் சாதம். நாளைக்கும் இதே ருசியில் இருக்கும் என்று நம்பி எழுந்திருக்கிற மாதிரி ஒன்று. எல்லாவற்றையும் விட மோசமானது தில்லைநகர்க் கடைச் சுருட்டு. முதல் கட்டு அற்புதம். கிடைத்துவிட்டது என்று தெருவில் நடக்கும்போதே சிரித்தாள். இரண்டாவது கட்டு குப்பை, பாதியில் அணைகிறது, நடுவில் காம்பு, ஒன்றில் ஒரு சணல் துண்டு. ஆரம்பத்திலிருந்தே மோசமாக இருப்பவனிடம் கோபம் வருவதில்லை. நன்றாக இருந்து காட்டிவிட்டு மாறுகிறவனைத்தான் மன்னிக்க முடிவதில்லை.

சாம்பல் இப்போது ஒரு விரல் நீளம். தானாக விழட்டும், தட்டக் கூடாது. பாலக்கரையில் அந்தப் புகையிலைக் கடைக்கு அவள் போனது தற்செயல்தான். மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கப் போனவள் பக்கத்துக் கடையின் வாசனையில் நின்றுவிட்டாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு மனிதர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், பெயர் பெரியநாயகம் என்று பிறகு தெரிந்தது. வழக்கம்போல வாயைத் திறந்தாள். வீட்டுல பெரியவர் ஒருத்தர். அவர் தலையைத் தூக்காமலே, பெரியவருக்குத்தானே, அந்தக் கட்டை எடுத்துக்குங்க, எதுவா இருந்தா என்ன என்றார். எதுவா இருந்தா என்ன. அந்த மூன்று வார்த்தையில் அவளுக்குள் என்னவோ நிமிர்ந்தது. ஒரு வருடமாக எல்லாக் கடையிலும் நடந்தது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது: இல்லாத ஆளுக்கு இருக்கிற குப்பையைக் கொடுத்திருக்கிறார்கள். யாருடைய வாய்க்கு என்று தெரியாமல் எவன் பார்த்து எடுத்துக் கொடுப்பான்? இல்லைங்க, எனக்குத்தான், என்றாள். சொன்ன பிறகு காது சூடாகிவிட்டது. வாஷர் கடைக்காரன் கேட்டிருப்பானோ என்று திரும்பிப் பார்த்தாள். பெரியநாயகம் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். சிரிக்கவில்லை. உட்காருங்கம்மா, என்றார். எந்த நேரத்துல குடிப்பீங்க, சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா, ஒரே மூச்சுல முடிப்பீங்களா வச்சு வச்சுக் குடிப்பீங்களா, இறுக்கமா வேணுமா, இழுத்தா வரணுமா? டாக்டர்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. அவள் பதில் சொல்லச் சொல்ல அவர் உள்ளே போய் ஒரு கட்டை எடுத்து வந்து, ஒரு சுருட்டைக் காதோரம் வைத்து விரலால் நசுக்கிக் கேட்டு, வைத்துவிட்டு, வேறொரு கட்டை எடுத்து வந்தார். இது மேல கீழே எல்லாம் ஒரே இலை, நடுவுல தூளு கிடையாது. பேரு கிடையாது, லேபிள் கிடையாது. பிடிச்சிருந்தா வாங்க, பிடிக்கலேன்னாலும் வந்து சொல்லுங்க. விலை கேட்டாள். ஒன்று ஒரு காப்பி விலைகூட வரவில்லை. பஸ்ஸில் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வரும்போது, பரீட்சைக்குப் போகும் பெண்ணைப் போலப் பையைத் திறந்து திறந்து பார்த்தாள்.

இதோ பாதி. எல்லாச் சுருட்டும் இடறி விழுகிற இடம். நடுவில் லேசாகப் புகை மெலிந்தது போலிருந்தது, இழுத்தாள், வரவில்லை, ஐயோ, இதுவுமா, முப்பதாவதில் வந்தா காலை வாருவாய்? மெதுவாக இரண்டு தடவை சும்மா ஊதிவிட்டு மூன்றாவது இழுத்தாள், கங்கு கண்ணைத் திறந்தது. தப்பு அவளுடையது, பேச்சுவாக்கில் இழுக்க மறந்திருக்கிறாள். யாரோடு பேச்சு? மகனோடு. நினைக்க வேண்டாம் என்றாலும் மத்தியானம் முழுக்க மனசு அவனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துடும்மா, வீட்டை வாடகைக்கு விட்டுடலாம், தனியா உனக்கு இங்க என்ன இருக்கு என்று கேட்டான். மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே கேட்டான், அன்பாகத்தான் கேட்டான். இங்க என்ன இருக்கு. அவளால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சென்னை வீட்டை அவள் பார்த்திருக்கிறாள், ஒன்பதாவது மாடி, பளபளவென்று தரை, தாரணி நல்ல பெண், மருமகளைக் குறை சொல்ல ஒரு துரும்பு கிடையாது, அவளுக்கென்று ஒரு அறை, அறையில் ஏசி. ஐந்து மணிக்கு அங்கே காப்பி வரும், பிஸ்கட் வரும், டிவி போடுவார்கள், கால் வலிக்குதா அத்தை என்று கேட்பார்கள், அவள் இல்லைம்மா இல்லைம்மா என்று சொல்லிக்கொண்டே ஒரு நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவாள். பயமாக இருந்தது. மறுக்கவும் பயம். மறுத்தால் காரணம் கேட்பான்; காரணம் சொன்னால் தூக்கி வாரிப்போடும் அவனுக்கு; சொல்லாவிட்டால் அம்மாவுக்குப் பிடிவாதம், தனியா இருந்து புத்தி ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று தாரணியிடம் சொல்வான். அந்தச் சமயத்தில்தான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கை தானாகக் கைப்பிடிச் சுவரை நோக்கிப் போயிற்று. கீழே பின்பக்கம் வாழைக் கன்று, போட்டால் தெரியாது, ஒரு விநாடி போதும். கை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. சிவந்த வட்டம், அதன் மேல் விழாத சாம்பல், பாதி தாண்டியும் நேராக எரிகிற சுருட்டு. ஒரு வருடம் தேடியது. கை திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

"அம்மா?" பரிதி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் நின்றான். தூக்கம் முழுதாகத் தெளியாத கண். "என்ன வாசனை இது?"

"சுருட்டு."

"அது தெரியுது. யாரு… நீயா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

அவன் அப்படியே தொட்டியின் திண்டில் உட்கார்ந்தான். சத்தம் போடுவான் என்று அவள் காத்திருந்தாள். போடவில்லை. அவன் முகம் மெல்ல இளகியது, சின்ன வயதில் காய்ச்சல் விட்டு எழுந்திருக்கும்போது இருக்குமே, அப்படி. "அப்பா ஞாபகமாம்மா?" என்றான் தாழ்ந்த குரலில். "அவரு வாசனை வேணும்னு தோணுதா? சொல்லும்மா, நான் தப்பா நினைக்கல. தாரணியோட பெரியம்மாகூட, பெரியப்பா போனப்புறம் ரொம்ப நாள் அவரு சட்டையைத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க."

கதவு திறந்தே இருந்தது. ஆமாம்ப்பா என்ற ஒரு சொல் போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மகன் கட்டிக்கொள்வான், ஊரே கேட்டாலும் உச்சுக் கொட்டும், புருஷன் மேல அவ்வளவு பிரியம் என்று சொல்வார்கள், அவள் வாழ்நாள் முழுக்க மரியாதையாகச் சுருட்டுக் குடிக்கலாம், துக்கமாக. எவ்வளவு சுலபம். அந்த எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் மறுபடியும் வந்து நின்றார், இந்த முறை ஞானசம்பந்தத்தின் முகத்தோடு, பாதியை நீட்டிக்கொண்டு. அவர் மேல் பிரியம் இல்லையா? இருக்கிறது. ஐந்து மணிக்கு அவர் மாடிப்படி ஏறும் சத்தத்துக்காக இன்றைக்கும் காது தன்னால் திரும்பும். ஆனால் அது வேறு, இது வேறு. அதை எடுத்து இதற்குப் போர்வையாகப் போட்டால் இரண்டும் கெடும். இது அவர் சுருட்டு இல்லை, அவர் இதை ஒருநாளும் குடித்ததில்லை, சொல்லப்போனால் இது அவருடையதை விட நல்ல சுருட்டு. அது நினைப்பில் வந்ததும் அவளுக்குத் திக்கென்றது, உடனே சிரிப்பு வந்தது. ஆமாம், நல்ல சுருட்டு. உங்களுடையது பாதியில் அணையும். நான் தேடிக் கண்டுபிடித்தது அணையவில்லை.

"இல்லடா," என்றாள்.

"அப்புறம்?"

"எனக்குப் புடிக்கும்."

அவன் விழித்தான். "எப்பலேருந்து?"

"நீ ஒண்ணாவது படிக்கறப்பலேருந்து."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவரு மிச்சம் வைக்கறதைத்தான் குடிச்சேன். இது அப்படியில்ல. இது முழுசா என்னோடது. ஊரெல்லாம் அலைஞ்சு, எறும்பு மொய்ச்சதையெல்லாம் குடிச்சு, ஒரு வருஷம் கழிச்சுக் கெடைச்சிருக்கு."

எறும்பு என்றதும் அவன் உதடு துடித்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை. "கெடுதல்மா," என்றான்.

"தெரியும். நாளுக்கு ஒண்ணு. டாக்டர்கிட்ட சொன்னேன், அவரும் திட்டுனாரு. திட்டு வாங்கிக்கிட்டேன்." பிறகு, மத்தியானம் வராத வார்த்தை எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது. "சென்னைக்கு நான் வரலைப்பா."

"இதுக்காகவா?"

"இதுவும் சேர்த்துத்தான். அங்க வந்தா அஞ்சு மணிக்கு நான் எங்க போவேன், சொல்லு."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், ஒன்பதாவது மாடியின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது. சமையலறை, கூடம், அவளுக்கென்று வைத்த அறை, துணி காயப்போடும் பால்கனி. எழுந்து, லுங்கியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். சாம்பல் அப்போதுதான் விழுந்தது, முழு ஒன்றரை விரல், உடையாமல் சிமெண்டில் கிடந்தது. அவள் மறுபடி இழுத்தாள். அடிப்பாகம், மூட்டையின் அடி, கடைசிப் பிடி. கசப்பு ஏறியிருந்தது, இருக்கத்தான் செய்யும், ஆனால் வஞ்சனையில்லாத கசப்பு. சூடு இன்னும் விரலுக்கு வரவில்லை. முப்பதும் ஒன்றுபோல். கையெழுத்துப் போடலாம். நாளைக் காலையில் பாலக்கரைக்குப் போய்ப் பெரியநாயகத்திடம் மாதம் மூன்று கட்டு எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும், மழைக்காலத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்க வேண்டும். உடம்பு முழுவதும் யாரோ இறுக்கியிருந்த கயிற்றைத் தளர்த்தியது போல் இருந்தது. பரிதி கோபித்துக்கொண்டு சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிடுவானோ என்று ஒரு பயம் எட்டிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டாள்.

கீழே முற்றத்திலிருந்து அவன் குரல் வந்தது. போனில் தாரணியோடு பேசிக்கொண்டிருந்தான்.

"வரலையாம்… இல்ல, சண்டையெல்லாம் இல்ல… அழல, அழல, நல்லாத்தான் இருக்காங்க. மாடில உக்காந்து சுருட்டு குடிச்சிக்கிட்டு இருக்காங்க… ஆமா, அம்மாதான்… இல்லப்பா, அப்பா நினைப்பெல்லாம் இல்லையாம். நானும் அதான் கேட்டேன்." அந்தப் பக்கத்திலிருந்து தாரணி என்ன கேட்டாளோ, அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் திலகவதி புகையை வாய்க்குள்ளேயே நிறுத்திவைத்துக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல் காத்திருந்தாள்.

"புடிக்குமாம்," என்றான் அவன். "அவ்வளவுதான். புடிக்குமாம்."